தாமான் நெகாராவில் படகு வராத நாள்

மழைக்காட்டுக்கு விலங்கு பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் போதும், கேட்பவர்கள் எல்லோரும் புலி, பாம்பு, யானை என்று வரிசையாகப் பயமுறுத்துவார்கள். என்னையும் அப்படித்தான் பயமுறுத்தி அனுப்பினார்கள். தீபகற்ப மலேசியக் காடுகளில் மிஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு. தாமான் நெகாரா தேசியப் பூங்காவின் பரப்போ 4,343 சதுர கிலோமீட்டர். பகாங், கிளந்தான், திரெங்கானு என்று மூன்று மாநிலங்களில் விரிந்து கிடக்கிறது. அந்தக் காட்டில் ஒரு புலி என் கண்ணில் பட்டிருந்தால் அதைக் கௌரவமாகவே எடுத்துக்கொண்டிருப்பேன். என்னை ஓர் இரவு முழுக்க அங்கே தனியாக உட்காரவைத்தவை, பேசிய நேரத்துக்கு வராத ஒரு படகும் பாதைமேல் விழுந்து கிடந்த ஒரு மரமும்தான். அவற்றைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. ஆகவே நான் சொல்லிவைக்கிறேன்.

கோலாலம்பூரில் ஓர் ஏஜென்சியிடம் 780 ரிங்கிட் கட்டியிருந்தேன். வேன், கோலா தெம்பிலிங் படகுத்துறையிலிருந்து பூங்கா வாசலான கோலா தாஹான் வரை படகு, அறை, மரங்களின் உச்சியில் கட்டிய தொங்குபாலம், இரவு சஃபாரி, கடைசியாகக் காட்டுக்குள் ஒரு மறைவுக்குடிலில் ஓர் இரவு, அங்கே போகவும் வரவும் படகு, எல்லாம் அந்தத் தொகைக்குள் அடக்கம். பணம் முழுவதையும் முன்பே வாங்கிக்கொண்டார்கள். ரசீதில் 'மொத்தம்' என்ற ஒரே வரிதான் இருந்தது. எந்தச் சேவைக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதவில்லை. இது பிறகு எனக்கு எவ்வளவு தொல்லை கொடுத்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதைக்கு ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: காட்டுக்குள் போய்வர அமர்த்தும் படகுக்குப் போகும் கூலியை மட்டும் கொடுங்கள். திரும்பும் கூலி, திரும்பி வந்து இறங்கிய பிறகு. படகுக்காரரின் பெயரையும் எண்ணையும் ஏஜென்சிக்காரரிடமிருந்து அல்ல, படகுக்காரர் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கோலா தாஹானுக்கு இப்போது ஜெராண்டுட்டிலிருந்து நல்ல சாலை இருக்கிறது. பலர் அதிலேயே போகிறார்கள். நேரம் இருந்தால் தெம்பிலிங் ஆற்றில் படகில் போவது நல்லது. ஏறக்குறைய மூன்று மணி நேரம் எதிர்நீரோட்டத்தில் போகிற அந்தப் பயணத்தில், கரையில் வெயில் காயும் உடும்புகளையும் மீன்கொத்திகளையும் நான் பார்த்த அளவுக்குக் காட்டுக்குள் நடந்து பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் முதல் நாள் மாலையே எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. மழைக்காட்டில் இலையும் பூவும் கனியும் முப்பது, நாற்பது மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. சூரிய ஒளியில் நூற்றில் இரண்டு பங்குகூடத் தரைக்கு வந்து சேருவதில்லை. ஆகவே தரையில் தின்பதற்கு அதிகம் இல்லை, தின்ன வருகிற பெரிய விலங்கும் அதிகம் இல்லை. இருப்பவற்றில் பாதி மரத்தின் மேலேயே வாழ்கின்றன. மீதியில் பெரும்பாலானவை இரவில்தான் வெளியே வருகின்றன. புல்வெளிக் காட்டில் ஜீப்பில் சுற்றிப் பார்த்துப் பழகிய கண்ணோடு இங்கே வந்தால், முதல் நாள் முழுக்கப் பச்சைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். காது முதலில் விழித்தால்தான் கண்ணுக்கு வேலை. இருவாச்சி பறப்பது தலைக்கு மேலே பெரிய இரைச்சலாகக் கேட்கும். அதன் சிறகின் அடிப்பக்கத்தில் மற்றப் பறவைகளுக்கு இருப்பதுபோல் சிறு இறகுகள் மூடியிருப்பதில்லை. காற்று பெரிய இறகுகளின் இடையே புகுந்து ஓசையெழுப்புகிறது. அந்த இரைச்சல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று நின்று கேட்டு, மரக்கிளையில் ஓர் இடைவெளியைப் பார்த்துக் காத்திருந்தால் பறவை அதில் கடந்துபோகும். நடந்துகொண்டே அண்ணாந்து பார்த்தால் கழுத்துவலிதான் மிச்சம்.

இரவு சஃபாரி என்பதை நான் காட்டுக்குள் போவது என்றே நினைத்திருந்தேன். வண்டி போனது பூங்காவுக்கு வெளியே உள்ள செம்பனைத் தோட்டத்துக்குள். ஒரு சிறுத்தைப்பூனையும் ஒரு புனுகுப்பூனையும் விளக்கு வெளிச்சத்தில் கண் மின்ன ஓடின. தோட்டத்தில் எலி அதிகம், அதனால் அவை அங்கே கிடைக்கின்றன; அந்த அளவில் அது ஏமாற்று அல்ல. ஆனால் மழைக்காடு வேண்டும் என்று பணம் கட்டியவனுக்கு எண்ணெய்ப் பனை வரிசைகளைக் காட்டுவது என்ன நியாயம்? தொங்குபாலமும் நான் போனபோது பராமரிப்புக்காக மூடியிருந்தது. மூடுவது வழக்கம்தான், கிளம்புவதற்கு முன்னால் பூங்கா அலுவலகத்துக்கே பேசிக் கேட்டுக்கொள்ளலாம். ஆற்றைக் கடக்க ஒரு ரிங்கிட், பூங்கா அனுமதிச் சீட்டுக்கு ஒரு ரிங்கிட், கேமராவுக்கு ஐந்து ரிங்கிட் என்பதுதான் நான் போனபோது கொடுத்தது. இவ்வளவு மலிவான காட்டுக்குள் போக எதற்கு 780 என்று அன்றிரவு படுக்கையில் புரண்டுகொண்டே கணக்குப் போட்டேன்.

மறைவுக்குடில் வேறு கதை. அதை மட்டும் நான் எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். மலாயில் பும்புன் என்கிறார்கள்: கால்களின் மேல் உயர்த்திக் கட்டிய ஒரு குடில், படுக்கப் பலகைகள், எதிரே திறந்த வெட்டவெளியைப் பார்க்கும் நீளமான ஜன்னல், அந்த வெளியில் ஓர் உப்புத்தரை. இடைவிடாத மழை மண்ணிலிருந்து உப்புகளை அரித்துக்கொண்டு போய்விடுவதால் இங்குள்ள இலைதழைகளில் சோடியம் மிகக் குறைவு. தழை தின்னும் விலங்குகள் அதை ஈடுகட்ட, உப்புள்ள மண்ணையும் ஊற்றுநீரையும் தேடி வருகின்றன. நீங்கள் காட்டில் அலைந்து தேடுவதைவிட, அவை தேடி வருகிற இடத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மேல். எனக்குக் கிடைத்தது பும்புன் கும்பாங். கோலா தாஹானிலிருந்து படகில் கோலா திரெங்கான் என்ற இடத்தில் இறங்கி, அங்கிருந்து முக்கால் மணி நேரம் நடந்தால் வரும். அன்றிரவு அங்கே வேறு யாரும் இல்லை.

குடிலில் தங்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சாப்பாட்டுப் பையைத் தரையில் வைக்காதீர்கள். எலிகள் இருட்டும் முன்பே வந்து பார்வையிடும். கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். வாசனைச் சோப்பு, கொசுவர்த்தி எதுவும் வேண்டாம். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றுங்கள். ஓயாமல் அடித்துக்கொண்டிருக்காமல், சத்தம் கேட்டால் மட்டும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கேமராவின் பெரிய லென்ஸால் அந்த இருட்டில் ஒன்றும் ஆகாது. அதன் எடைக்கு ஒரு 8×42 தொலைநோக்கி கொண்டுபோயிருந்தால் எனக்கு நூறு மடங்கு பயன்பட்டிருக்கும். உருப்பெருக்கம் குறைவாகவும் கண்ணாடி அகலமாகவும் இருப்பதுதான் காட்டு நிழலுக்குச் சரி.

இரண்டு மணிக்கு மேல் இருக்கும். தூரத்தில் ஒரு மெல்லிய விசில் ஒலி கேட்டது. பறவை என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் சேற்றில் கால் புதைந்து எழும் ஓசை. சிவப்பு வெளிச்சத்தை ஓட்டினால், வெளியின் ஓரத்தில் பாதி உடம்பு மட்டும் மிதந்துகொண்டிருந்தது. டேப்பிர், தழை தின்னும் ஒரு பெரிய விலங்கு. முன்பாதியும் கால்களும் கறுப்பு, நடு உடம்பிலிருந்து பின்பக்கம் வரை வெள்ளை. இருட்டில் கறுப்பு கரைந்துபோய், தலையும் காலும் இல்லாத ஒரு வெள்ளை உருண்டை நகர்வதுபோல்தான் தெரிகிறது. வேட்டையாட வரும் விலங்குக்கு அது மான் மாதிரியோ பன்றி மாதிரியோ தெரியாது என்று சொல்வார்கள். எனக்கே அது என்னவென்று தெரிய அரை நிமிடம் ஆயிற்று. முந்நூறு கிலோ வரை எடை வரக்கூடிய அந்த உடம்பிலிருந்துதான் அந்தக் கீச்சு விசில். மூக்கைத் துதிக்கை மாதிரி வளைத்து மண்ணை முகர்ந்து, நிதானமாக நீரை உறிஞ்சி, அரைமணி நேரம் இருந்துவிட்டுப் போனது. நான் ஒரு படம்கூட எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை என்பதே சரி: ஏ.சி. அறையிலிருந்து நேராகக் கொண்டுவந்த கேமராவின் கண்ணாடிக்குள் நீராவி படிந்து, எதைப் பார்த்தாலும் பால்வெள்ளையாக இருந்தது. ஈரக்காட்டுக்குப் போகிறவர்கள் முந்தின இரவே கேமராவை ஏ.சி. இல்லாத இடத்தில், மூடிய பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்க வேண்டும். அந்த லென்ஸில் பிறகு பூஞ்சை பிடித்து, சுத்தம் செய்ய 350 ரிங்கிட் போயிற்று.

காலையில் கோலா திரெங்கான் கரைக்கு வந்து உட்கார்ந்தேன். பதினொரு மணிக்குப் படகு என்பது பேச்சு. பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. கைப்பேசியில் சிக்னல் என்பதே கிடையாது. ஆற்றில் வேறு படகும் வரவில்லை. கையில் இருந்தது பாதிப் பொட்டலம் பிஸ்கட்டும் ஒரு லிட்டருக்குக் குறைவான தண்ணீரும். முதலில் கோபம் வந்தது. ஏஜென்சிக்காரரை என்னவெல்லாம் கேட்பது என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்தேன். பிறகு பயம் வந்தது. கோலா தாஹானுக்கு நடைபாதை இருக்கிறது, பத்து கிலோமீட்டர் சொச்சம், ஐந்து மணி நேரம் ஆகும் என்று வரைபடத்தில் போட்டிருந்தது. ஒன்றரைக்குக் கிளம்பினால் ஆறரைக்குப் போய்விடலாம், சூரியன் மறைவதே ஏழேகாலுக்குத்தானே என்று கணக்குப் போட்டு நடந்தேன். அந்தக் கணக்கில் இரண்டு விஷயங்களுக்கு இடமில்லை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு இடியோடு கொட்டும் மழை. அடுத்தது, காட்டுக்குள்ளே இருட்டு வெளியைவிட ஒரு மணி நேரம் முந்திக்கொள்கிறது. உங்களுக்கு இதே நிலை வந்தால் குடிலுக்குத் திரும்பிப் போய் இன்னோர் இரவு படுங்கள் என்பேன். கூரை இருக்கிறது, தேடி வருகிறவர்கள் முதலில் வந்து பார்ப்பதும் அதுதான். பிற்பகலில் தொடங்குகிற எந்த நீண்ட நடையும் மழைக்காட்டில் நடையே அல்ல.

அட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மழை விழுந்த பத்தாவது நிமிடம் தரை உயிர் பெற்று எழுந்தது. பழுப்பு அட்டைகள் தரையிலிருந்து ஏறும், கடித்ததே தெரியாது. உடம்பில் வரி போட்ட இன்னொரு வகை இலை நுனியில் காத்திருக்கும். அதன் கடி சுருக்கென்று வலிக்கும். நம் சூட்டையும் மூச்சுக்காற்றையும் கால் அதிர்வையும் உணர்ந்து அவை வருகின்றன. நெருப்பு, உப்பு எல்லாம் வைக்காதீர்கள். குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும். மெலிந்த முனையின் அடியில் நகத்தை விட்டு நகர்த்தினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் இருக்க அது ஏதோ செலுத்துவதால் சில மணி நேரம் ஒழுகும். பார்க்கப் பயங்கரம், ஆபத்து இல்லை. முழங்கால் வரை வரும் நெருக்கமான துணிக் காலுறை ஒன்றே இதற்கு மருந்து. எனக்கு அது இருந்தது; கழுத்துக்கு எதுவும் இல்லை.

நான்கு மணி சுமாருக்கு அந்த மரம். பாதைக்குக் குறுக்கே, என் நெஞ்சு உயரத்துக்கு, வேரோடு பெயர்ந்து கிடந்தது. மழைக்காட்டு மரங்களின் வேர் ஆழமாகப் போவதில்லை. சத்தெல்லாம் மண்ணின் மேல்தோலில் இருப்பதால் அவை அகலமாகவே பரவுகின்றன. அதைத் தாங்கத்தான் அந்தப் பலகை வேர்கள். கனமழையில் மண் இளகினால், காற்று ஒரு தள்ளு தள்ளினாலும் விழுந்துவிடுகின்றன. விழும்போது கொடிகளால் பிணைந்த அக்கம்பக்கத்து மரங்களையும் சேர்த்து இழுக்கும். வெளிச்சம் விழுந்த அந்த இடத்தில் பிரம்பு புதராக மண்டும். இது பழைய விழுதல், பிரம்பு தலைக்கு மேல் வளர்ந்திருந்தது. அதன்மேல் இப்போது இன்னொரு மரம். நான் கிளைப்பக்கமாகச் சுற்றினேன். பிரம்பின் நுனியில் சாட்டைபோல் நீளும் தண்டில் பின்பக்கம் வளைந்த கொக்கிகள். முன்னே இழுத்தால் சட்டையும் தோலும் கிழியும். ஓரடி பின்வாங்கினால் கழன்றுவிடும். பின்வாங்கிப் பின்வாங்கி, வேறு இடைவெளி தேடித் தேடி, சுற்றி முடித்தபோது பாதை அங்கே இல்லை. மழைத் தண்ணீர் ஓடுகிற ஒவ்வொரு சால் கோடும் பாதை மாதிரியே இருந்தது.

யாராவது இதை எனக்குச் சொல்லியிருக்கலாம்: விழுந்த மரத்தை வேர்ப்பக்கமாகச் சுற்ற வேண்டும், அங்கேதான் சிக்கல் குறைவு. விலகுவதற்கு முன் பாதையின் இந்த முனையில் கண்ணுக்குத் தெரிகிற நிறத்தில் எதையாவது கட்ட வேண்டும். மறுபக்கத்தில் நிச்சயமான பாதை கிடைக்காவிட்டால் அந்த அடையாளத்துக்கே திரும்ப வேண்டும். கைப்பேசி வரைபடத்தை நம்பாதீர்கள். நனைந்த இலைக்கூரையின் கீழ் அது என்னை ஒரு முறை ஆற்றுக்கு நடுவில் நிறுத்தியது. ஓடையைப் பிடித்துக்கொண்டு போனால் ஆறு வரும் என்ற அறிவுரையும் இங்கே செல்லாது. ஆற்றங்கரையில்தான் வெயில் படுகிறது, ஆகவே அங்கேதான் காடு மிக அடர்த்தி. மழை நாளில் ஓடை கண்முன்னே இடுப்பளவு ஏறிவிடும். நான் ஓர் ஓடையில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்து பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். அந்தத் தண்ணீருக்குப் பின்னால் தனிக் கணக்கு இருந்தது.

ஐந்தரை மணி போல ஓரிடத்தில் திடீரென்று சுத்தமான தரை. பல மீட்டர் அகலத்துக்கு ஒரு சருகுகூட இல்லை, பெருக்கி விட்டது மாதிரி. மனிதர்கள் கூடாரம் போடும் இடம் என்று நினைத்து, எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். பதில் இல்லை, பாதையும் அங்கிருந்து கிளம்பவில்லை. அது ஆர்கஸ் என்ற பறவையின் நடன மேடை என்பது மறுநாள்தான் தெரிந்தது. மயிலுக்கு உறவான பெரிய பறவை. ஆண் பறவை ஒவ்வொரு சருகாக அலகால் எடுத்து எறிந்து தரையைத் தயார்செய்து, அங்கே நின்று பெட்டையைக் கூவி அழைக்கும். தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேனோ என்னவோ, அந்த நேரத்தில் தெரியாமல் போனதே நல்லது. இனி நடப்பதில்லை என்று அங்கேதான் முடிவெடுத்தேன். அண்ணாந்து பார்த்து, மேலே காய்ந்த கிளையோ சாய்ந்த மரமோ இல்லாத இடமாகத் தேர்ந்தெடுத்தேன். மழைக்காட்டில் இரவு தங்குகிறவரைக் கொல்லக்கூடியது பெரும்பாலும் மேலிருந்து விழுகிற கிளைதான் என்று முந்தைய நாள் படகில் ஒரு வழிகாட்டி பேச்சோடு பேச்சாகச் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது.

இருட்டுவதற்கு முன்னால் சில்வண்டுகள் தொடங்கின. ஆறு மணிச் சில்வண்டு என்றே ஒன்றைச் சொல்கிறார்கள். காதுக்குள் எதையோ வைத்து ஊதுவதுபோல் இருந்தது; என் குரல் எனக்குக் கேட்கவில்லை. ஒரு மணி நேரத்தில் அது ஓய்ந்தபிறகு மற்ற ஓசைகள். நேர்மையாகச் சொன்னால், அந்த இரவில் விலங்கைப் பற்றிய பயம் எனக்கு ஒன்பது மணி வரைதான் இருந்தது. அதற்குப்பிறகு குளிர்தான். இருபத்துமூன்று, இருபத்துநான்கு டிகிரி என்பது குளிரா என்று கேட்பீர்கள். நனைந்த சட்டையோடு அசையாமல் ஓர் இரவு உட்கார்ந்து பாருங்கள். பல் கிட்டி, தாடை வலித்தது. பையில் இருந்த இரண்டு பெரிய குப்பைப் பைகள்தான் என்னைக் காப்பாற்றின: ஒன்றை இடுப்பு வரை மாட்டிக்கொண்டேன், இன்னொன்றில் தலைக்கு ஓட்டை போட்டு அணிந்தேன். விலை இரண்டும் சேர்த்து ஒரு ரிங்கிட்கூட இராது. ஓர் உலர்ந்த சட்டையைக் காற்றுப்புகாத பையில் போட்டு வைத்திருந்தால் ராஜாவாக இருந்திருப்பேன். விசில் ஒன்றும் இருந்தது. மூன்று முறை ஊதுவது, ஒரு நிமிடம் கேட்பது, மறுபடி மூன்று. குரல் அரைமணியில் கட்டிவிடும், விசில் விடிய விடிய ஊதும்.

டார்ச்சை அணைத்து வைத்தபோதுதான் கவனித்தேன், தரையில் அழுகின சருகுகள் மங்கலான பச்சையில் ஒளிர்ந்துகொண்டிருந்தன. மக்கும் இலையிலும் மரத்திலும் வளரும் ஒரு வகைப் பூஞ்சை. டார்ச்சைத் தரையோடு படிய அடித்தால் பனித்துளி மாதிரி நூற்றுக்கணக்கில் மின்னியவை சிலந்திகளின் கண்கள். என் விரல்கணு நீளத்துக்கு இருந்த பெரிய காட்டெறும்புகள் காலணியின் மேல் ஏறி, சோதித்துவிட்டு, இறங்கிப் போயின, கடிக்கவில்லை. எங்கோ ஆர்கஸ் 'கு-வாவ், கு-வாவ்' என்று விட்டு விட்டுக் கூவியது. இவையெல்லாம் அழகுதான் என்று எனக்கே அப்போது தெரிந்தது. ஆனால் அழகை அனுபவிக்க உலர்ந்த உடை வேண்டும். நடுவில் ஏதோ பெரிதாக ஒன்று கிளைகளை முறித்துக்கொண்டு கொஞ்ச தூரத்தில் போனது. யானையாக இருக்கலாம், மிளாவாக இருக்கலாம். மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தேன். விசிலை மட்டும் அரைமணி நேரம் ஊதவில்லை.

விடியலில் கிப்பன் குரங்குகள் பாடத் தொடங்கின. ஜோடியாகப் பாடும், பெண் குரல் மெல்ல ஏறி உச்சிக்குப் போய் இறங்கும். தங்கள் எல்லையை அண்டை வீட்டாருக்கு அறிவிக்கும் பாட்டு. வெளிச்சம் வந்ததும் குப்பைப் பையைப் பட்டைப் பட்டையாகக் கிழித்தேன். உட்கார்ந்த இடத்தில் அதில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டு, ஒரு திசையில் நூறு அடி போய் வழியில் பட்டைகளைக் கட்டுவது, ஒன்றும் கிடைக்காவிட்டால் அதே வழியில் திரும்புவது, அடுத்த திசை. இப்படி ஒரு மணி நேரத்துக்குள் விழுந்த மரத்தின் வேர்த்தட்டு கண்ணில் பட்டது. இரவெல்லாம் நான் இருந்தது அதற்கு அவ்வளவு பக்கத்தில். பாதையின் சேற்றில் முன்காலில் நான்கு விரலும் பின்காலில் மூன்று விரலுமாக டேப்பிரின் புதுத் தடம், நான் தேடிய பாதையிலேயே அது சௌகரியமாக நடந்து போயிருந்தது.

கோலா தாஹானை நோக்கி நடந்து கொஞ்ச நேரத்தில் எதிரே பூங்கா ஊழியர்கள் இருவர் வந்தார்கள். குடிலுக்குக் கிளம்பும் முன் அலுவலகப் பதிவேட்டில் என் பெயரையும் திரும்பும் தேதியையும் எழுதியிருந்தேன். "என்சிக் (ஐயா), உங்கள் பெயர் இன்னும் புத்தகத்திலேயே இருந்தது. அதனால்தான் வந்தோம்" என்றார் மூத்தவர். "அபாங் (அண்ணா), படகு வரவில்லை" என்று சொல்வதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவர் ஒன்றும் கேட்காமல் தண்ணீர்ப் புட்டியை நீட்டினார். ஆர்கஸ் மேடையைப் பற்றிச் சொன்னவரும் அவர்தான். வழிநெடுக அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். குடிலுக்குப் போனாலும் சும்மா நடக்கப் போனாலும் அந்தப் பதிவேட்டில் எழுதாமல் போகாதீர்கள். ஏஜென்சிக்காரர் எழுதிவிட்டார் என்று சொன்னாலும் நீங்கள் போய் உங்கள் கையால் எழுதுங்கள்.

ஊர் திரும்பிப் பத்து நாள் கழித்துக் காய்ச்சல். தலைவலி, கெண்டைக்கால் தசையைத் தொட முடியாத வலி, கண் இரண்டும் சிவப்பு. ஃப்ளூ என்று நினைத்து இரண்டு நாள் மாத்திரை போட்டுப் படுத்திருந்தேன். மருத்துவர் சமீபத்தில் எங்கேயாவது போனீர்களா என்று கேட்டதும் காடு, ஓடை, அட்டை, பிரம்பு முள் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சந்தேகப்பட்டது எலிக்காய்ச்சலை. விலங்குகளின் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியாக, தோலில் உள்ள சிறு காயத்தின் மூலம் நுழையும் பாக்டீரியா. பொதுவாக ஒன்றிரண்டு வாரத்தில் வெளிப்படும். மலேரியாவுக்கும் இரத்தம் எடுத்தார். மலேசியக் காடுகளில் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் நோலெசி என்ற மலேரியா உண்டு, அதைத் தவறவிடக் கூடாது என்றார். மலேரியா இல்லை, எலிக்காய்ச்சல் உறுதியானது. டாக்சிசைக்ளினில் குணமாயிற்று. சீக்கிரம் பார்த்தால் எளிது, விட்டுவிட்டால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும். காட்டிலிருந்து வந்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் போன இடத்தை நீங்களாகவே சொல்லுங்கள். நான் இழந்த வேலைநாட்களின் சம்பளம், பரிசோதனை, மருந்து எல்லாம் சேர்த்தால் பயணச் செலவைவிட அதிகம்.

ஏஜென்சியிடம் பணம் கேட்டபோது, படகு வந்தது, நீங்கள்தான் கரையில் இல்லை என்றார்கள். எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டேன், மூன்று மணிக்கு. பேசியது பதினொன்று என்பதற்கு என்னிடம் வாய்ப்பேச்சைத் தவிர எதுவும் இல்லை. தொங்குபாலத்துக்கும் படகுக்கும் உரியதைத் திருப்பிக் கேட்டால், ரசீதில் தனித்தனியாக விலை இல்லையே என்று அதே ரசீதை எனக்கே காட்டினார்கள். மாதக்கணக்கில் கடிதம் எழுதி 90 ரிங்கிட் வாங்கினேன். பயணக் காப்பீடு மருத்துவச் செலவில் ஒரு பகுதியைக் கொடுத்தது, அதுவும் நான் எலிக்காய்ச்சல் பரிசோதனை முடிவையும் பூங்கா அனுமதிச் சீட்டையும் பத்திரமாக வைத்திருந்ததால். அந்த ஒரு ரிங்கிட் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். ஏஜென்சி இல்லாமல், கோலா தாஹானிலேயே படகுக்காரரிடம் நேராகப் பேசி, திரும்பும் நேரத்தைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதே குடிலில் மறுபடி தங்க எனக்கு ஆசை இருக்கிறது. இந்த முறை துணைக்கு ஒருவரும், உலர்ந்த சட்டைகள் இரண்டும்.